மாலபேத் தடத்தின் ஐந்தொகை

2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இலங்கை ஜனாதிபதியின் செயலாளர் பி. பி. ஜயசுந்தர, போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை ஜப்பானியக் கடனில் அமைக்கப்படவிருந்த இலகு ரயில் பாதை மிகுந்த செலவு பிடிப்பது என்றும், நகரத்தின் போக்குவரத்து நெருக்கடிக்கு அது செலவுக்கேற்ற பரிகாரம் ஆகாது என்றும், ஆகவே திட்டத்தை முடித்துக்கொண்டு அதன் அலுவலகத்தையும் உடனே மூடிவிட வேண்டும் என்றும் அக்கடிதம் பணித்தது. வருஷக்கணக்காக நடந்த ஆய்வுகளும், அடுக்கடுக்கான வரைபடங்களும், இரு தேசத்து அதிகாரிகள் கையொப்பமிட்ட ஒப்பந்தமும் சில வாக்கியங்களில் முடிவுக்கு வந்தன. அந்த முடிவு சரியா பிழையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை; ஆயினும் இரு பக்கத்தாரும் ஒரு விஷயத்தைச் சௌகரியமாக மறந்துவிட்டே வாதாடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். செலவு மிகுதி என்றவர்கள் எதனோடு ஒப்பிட்டு மிகுதி என்று காட்டவில்லை. கடன் மலிவு என்றவர்கள் அந்த மலிவு யார் வீட்டுக் கணக்கில் வரவாகிறது, யார் வீட்டுக் கணக்கில் பற்றாகிறது என்று எழுதி வைக்கவில்லை.

அந்தப் பாதை ஏன் வேண்டியிருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். கொழும்புக்கு வரும் ரயில் பாதைகள் பெரும்பாலும் வெள்ளையர் காலத்தில், தோட்டங்களின் விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் உத்தேசத்தோடு போடப்பட்டவை. பிரதான பாதை ராகமை வழியாக வடகிழக்கே போகிறது. களனிவெளிப் பாதை நுகேகொடை, மஹரகம வழியாகத் தென்கிழக்கே வளைந்து செல்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, நகரத்துக்கு நேர்கிழக்கில் விரிந்து கிடக்கும் ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே ஆகிய ஊர்களுக்குத் தண்டவாளம் என்பதே கிடையாது. அன்று அங்கே வயலும் சதுப்பு நிலமுமாக இருந்தபடியால் அதற்கான அவசியம் தோன்றவில்லை. ஆனால் 1982இல் பாராளுமன்றம் தியவன்னா ஓயாவின் நடுவே எழும்பிய புதிய கட்டடத்துக்குக் குடிபோயிற்று. அதைத் தொடர்ந்து செத்சிறிபாய என்னும் அலுவலகத் தொகுதி பத்தரமுல்லையில் வந்தது. திணைக்களங்கள் ஒவ்வொன்றாக அங்கே நகர்ந்தன. உயர்கல்வி நிலையங்கள் மாலபேயில் முளைத்தன. இத்தனைக்கும் பின்னால் வீடுகள் வந்தன. ஆட்சிபீடத்தை ஓரிடத்துக்கு மாற்றிவிட்டு, அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எதில் போவார்கள் என்பதை மறந்துவிட்ட தேசம் நம்முடையது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மேல் மாகாணத்தில் 58 லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். அவர்களில் கிழக்குப் புறத்தில் வசிப்பவர்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு பெருவீதியும் அதில் ஓடும் பஸ்களுமே.

அந்த பஸ்களில் பேர்போனது 177ஆம் இலக்கம், கடுவலையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு ஓடுவது. காலை ஏழரை மணிக்கு மாலபேயில் அதில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைத்தால் அது பூர்வ புண்ணியம். கொஸ்வத்தை தாண்டுவதற்குள் படிக்கட்டில் ஆட்கள் தொங்கத் தொடங்கிவிடுவார்கள். நடத்துநர் நோட்டுகளை நீளவாட்டில் மடித்து விரலிடுக்குகளில் விசிறிபோலச் செருகிக்கொண்டு, 'இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன' என்று கூவியபடி ஜனங்களை முன்னே தள்ளுவார். முன்னே போக இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். மழை நாளானால் ஜன்னல்களை இறக்கிவிட, ஈரக் குடையிலிருந்து சொட்டும் நீர் பக்கத்தில் நிற்பவரின் பாதத்தில் விழ, எல்லோரும் மௌனமாக வியர்த்துக்கொண்டு நிற்பார்கள். ராஜகிரியவில் 2018 ஜனவரியில் ஒரு மேம்பாலம் திறந்தார்கள். வாகனங்கள் அதன்மேல் உற்சாகமாக ஏறி, மறுபுறம் இறங்கி, முன்பு நின்ற அதே வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. வீதியை அகலமாக்கினால் நெருக்கடி தீரும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பாலத்தைப் போன்ற மறுப்பு வேறு தேவையில்லை.

இத்தனைக்கும் கொழும்புக்குத் தெருவில் ஓடும் ரயில் புதிதல்ல. 1899இலேயே மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒரு தடம், பொரளைக்கு ஒரு தடம். பூஸ்டெட் என்ற ஆங்கில வியாபார நிறுவனத்தின் கையில் இருந்த அந்த டிராமில்தான் 1929இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்ஹவின் தலைமையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. பின்னர் 1944இல் மாநகரசபை அதை வாங்கிக்கொண்டது; 1953இல் கம்பியில் ஓடும் டிராலி பஸ்களைக் கொண்டுவந்தது; 1960இல் டிராமை நிறுத்தியது; டிராலி பஸ்ஸும் அதன்பின் அதிக காலம் நிலைக்கவில்லை. இந்தச் சரித்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டிராமை லாபத்துக்காகத் தனியார் நடத்திய காலத்தில் அதன் வரவுசெலவு அவர்கள் கவலையாக இருந்தது. பொதுச்சொத்தாக ஆன பிறகு, அதன் நஷ்டத்தை வரியிறுப்பவர் தாங்குவதா, பிரயாணி தாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு தீர்க்கமான பதில் சொல்லாமலே தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டோம். அறுபது வருஷம் கழித்து அதே பொரளை வழியாகப் புதிய பாதை வரப்போகிறது என்றபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்திருக்க வேண்டும், வரவில்லை.

புதிய பாதையின் யோசனை ஒரே நாளில் பிறந்ததல்ல. 2014இல் ஜப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகவரகமான ஜைக்காவின் உதவியோடு கொழும்புப் பெருநகரின் போக்குவரத்துக்கென ஒரு பெருந்திட்டம் வரையப்பட்டபோது, மாலபே வீதிக்கு மோனோரயிலே உசிதம் என்று நிபுணர்கள் கருதினார்கள். ஆட்சி மாறியது. அமைச்சர் சம்பிக்க ரணவக்கவின் பொறுப்பில் மேல் மாகாணப் பெருநகரத் திட்டம் உருவாயிற்று. மோனோரயில் போய் இலகு ரயில் வந்தது. ஒரு தடம் போய் ஏழு தடங்கள் வரைபடத்தில் பரவின. அவற்றில் ஜப்பானியக் கடன் கிடைத்தது மாலபேத் தடத்துக்கே. நீளம் 15.7 கிலோமீட்டர்; நிலையங்கள் 16; முழுதும் தூண்களின்மேல் உயர்ந்து செல்லும் பாதை. பஸ்களுக்கு வீதியில் ஒரு நிரலைத் தனியாக ஒதுக்கினாலே போதும், இத்தனை செலவு எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கேள்வி அற்பமானதன்று. ஆனால் அதை எழுப்பியவர்கள், ஒதுக்கிய நிரலிலிருந்து மோட்டார் கார்களை விலக்கி வைக்கும் துணிவு எந்த அமைச்சருக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் விவாதம் இன்னும் பயனுள்ளதாக இருந்திருக்கும்.

இனிப் பணத்துக்கு வருவோம். 2019 மார்ச் மாதத்தில் கையெழுத்தான முதற் கடன் ஒப்பந்தம் 3,004 கோடி யென்னுக்கானது. வட்டி 0.1 வீதம், திருப்பிச் செலுத்த 40 ஆண்டு, அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டாலும் ஆண்டு வட்டி மூன்று கோடி யென், சலுகைக் காலம் கழிந்தபின் மீதி 28 ஆண்டுகளில் முதலைப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 107 கோடி யென். அதே 2019 மார்ச்சில் இலங்கை சர்வதேசச் சந்தையில் 240 கோடி டாலருக்குப் பிணைமுறிகளை விற்றது. ஐந்தாண்டு முறிக்கு 6.85 வீத வட்டி, பத்தாண்டு முறிக்கு 7.85 வீத வட்டி. ஒரே மாதத்தில் ஒரே திறைசேரி ஒரு கையால் ஏழெட்டு வீதக் கடனையும் மறு கையால் பத்தில் ஒரு வீதக் கடனையும் வாங்கியது. பின்னர் நிதிநிலை நெருக்கியபோது அது உதறித் தள்ளியது மலிவான கடனைத்தான். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வது சுலபம். ஆனால் ஒன்றை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும்: பிணைமுறிப் பணத்தை எதற்கும் செலவழிக்கலாம், பழைய கடனையும் அடைக்கலாம், ரயில் கடனை ரயிலுக்கே செலவழிக்க வேண்டும்.

ரயிலுக்கு மட்டுமா? ஜப்பானியப் பொருளுக்கும். இந்த வகைக் கடனை ஜைக்கா விசேஷ நிபந்தனைகளோடு கொடுக்கிறது: பிரதான ஒப்பந்தக்காரர் ஜப்பானிய நிறுவனமாக இருக்க வேண்டும், ஒப்பந்தத் தொகையில் குறைந்தது 30 வீதத்துக்கு ஜப்பானிலிருந்து பொருள்களையும் சேவைகளையும் கொள்முதல் செய்ய வேண்டும். கேள்விப்பத்திரம் கோரும்போது போட்டிக்கு வரக்கூடியவர் தொகை குறைந்தால் விலை எப்படியிருக்கும் என்பதை ஊர்ச் சந்தையில் மீன் வாங்கியவர் யாரும் சொல்லிவிடுவார். வட்டியில் விட்டுக்கொடுத்ததில் ஒரு பங்கு விலையில் திரும்பிவிடுகிறது என்று பொருளாதார அறிஞர்கள் கட்டுண்ட கடன்களைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். எவ்வளவு பங்கு என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதே பாதையைத் திறந்த போட்டியில் கட்டினால் என்ன விலை ஆகும் என்ற மதிப்பீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அப்படி ஒரு மதிப்பீட்டைத் தயாரித்து, கடன் மலிவு என்று பேசியவர்களாவது, திட்டம் விலையுயர்ந்தது என்று கடிதம் எழுதியவர்களாவது ஜனங்கள்முன் வைத்திருந்தால், பாதி வாக்குவாதம் அன்றே அடங்கியிருக்கும்.

வேறொரு ஆபத்து நாணயத்தில் ஒளிந்திருந்தது. பாதையில் பிரயாணி கொடுப்பது ரூபாய். கடன்காரர் கேட்பது யென். 2019இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 180 ரூபாயும் 110 யென்னும் கிடைத்தன. அதாவது ஒரு யென்னின் விலை ஒரு ரூபாய் அறுபத்துச் சொச்சம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென்று கையை விரித்தது. அடுத்த மாதம் டாலர் 360 ரூபாயைத் தொட்டது. கடனைக் கைவிட்டது நல்லதாயிற்று என்று அப்போது சிலர் பேசிக்கொண்டார்கள். ஆனால் அதே காலத்தில் யென்னும் டாலருக்கு எதிரே சரிந்துகொண்டிருந்தது. 2024இல் டாலர் சுமார் 300 ரூபாய்க்கு இறங்கியபோது அதற்கு 150 யென் கிடைத்தது. யென்னின் விலை இரண்டு ரூபாயளவில் நின்றது. டாலர்க் கடன் வாங்கியவனுடைய பாரம் ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருக்க, யென் கடன் வாங்கியவனுடைய பாரம் ஐந்தில் ஒரு பங்கு சொச்சமே ஏறியது. இது நம் சாமர்த்தியத்தால் நேர்ந்ததன்று, டோக்கியோவில் வட்டி குறைவாக இருந்ததால் நேர்ந்தது; அடுத்த முப்பது வருஷத்தில் யென் நம்மைப் பார்த்துச் சிரிக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாதை லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் நாணய மாற்றின் ஏற்றத்தாழ்வைத் திறைசேரி ஏற்பதா, ரயில் நடத்தும் ஸ்தாபனம் ஏற்பதா, டிக்கெட் வாங்குகிறவர் ஏற்பதா என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் விவேகம். இதே ஜைக்காவின் கடன் சென்னை மெட்ரோவின் முதற்கட்டச் செலவில் பாதிக்கு மேல் இருக்கிறது. அங்கே மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் சரிபாதி பங்கு கொண்ட ஒரு கம்பெனி கணக்கை வைத்து நடத்துவதால், யார் எதற்குப் பொறுப்பு என்பது ஏட்டிலாவது இருக்கிறது. அதன் லாபநஷ்டத்தைப் பற்றிச் சண்டையிடுவதற்கு ஒரு ஏடு வேண்டுமல்லவா?

'மிகுந்த செலவு' என்ற சொல்லைச் சற்றே நிறுத்தி உரசிப் பார்ப்போம். திட்டத்தின் மொத்தச் செலவு 150 கோடி டாலர் என்று அந்நாளில் சொல்லப்பட்டது. கிலோமீட்டருக்கு ஒன்பதரைக் கோடி டாலர். எதியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 2015இல் திறந்த இலகு ரயில் பாதை முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. அதற்கு ஆன செலவு 47.5 கோடி டாலர், பெரும்பகுதி சீனத்தின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். அந்த அளவுகோலால் அளந்தால் மாலபேத் தடம் ஆறு மடங்குக்கு மேல் விலையுயர்ந்தது. ஆனால் அடிஸ் அபாபாவில் சில வருஷங்களுக்குள் உதிரிப்பாகங்கள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் வண்டிகள் பல கொட்டகையில் நின்றுவிட்டன. மலிவாக வாங்கிய ரயிலை ஓட்டுவதற்குப் பணம் இல்லை. மறுபுறம் எடின்பரோவைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் தலைநகரான அங்கே பாதை பெரும்பாலும் தரையிலேயே ஓடுகிறது, நெடுகத் தூண்கள் வேண்டியதில்லை. முதலில் 37.5 கோடி பவுன் என்றார்கள், பிறகு 54.5 கோடி என்றார்கள். ஒப்பந்தக்காரருக்கும் மாநகரசபையின் கம்பெனிக்கும் சண்டை முற்றி, தெருவுக்கடியில் யாரும் எதிர்பாராத குழாய்களும் கம்பிகளும் வெளிப்பட்டு, பாதையின் ஒரு பகுதியையே கைவிட்டு, 2014 மே 31ஆம் திகதி 14 கிலோமீட்டரைத் திறந்தபோது 77.6 கோடி பவுன் செலவாகியிருந்தது. அந்நாளைய நாணய மாற்றில் அதுவும் கிலோமீட்டருக்கு ஒன்பது கோடி டாலரைத் தாண்டுகிறது. தரையில் போட்டால் மலிவு என்ற தர்க்கம் தெருவைத் தோண்டும்வரைதான் செல்லும். பின்னர் அங்கே ஹார்டி பிரபு தலைமையில் ஒரு விசாரணை வைத்தார்கள். அறிக்கை வெளிவர 2023 செப்டம்பர் ஆயிற்று. ஒன்பது வருஷம் நீண்ட விசாரணையைப் பார்த்து நகைக்கலாம். ஆயினும் எந்த மதிப்பீட்டை யார் எப்போது யாரிடம் மறைத்தார்கள் என்பது அங்கே ஏட்டில் ஏறிவிட்டது.

இந்த மதிப்பீடுகள் இயல்பாகவே எப்படிப் பிறழ்கின்றன என்பதை டென்மார்க்குக்காரரான பெண்ட் ஃப்ளூபியர் என்ற ஆராய்ச்சியாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 258 போக்குவரத்துத் திட்டங்களைச் சேகரித்து 2002இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட முடிவின்படி, ரயில் திட்டங்களில் உண்மைச் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரி 45 வீதம் மிகுந்தது. வீதிகளில் மிகுதி 20 வீதம். 2005இல் பிரயாணிகளைப் பற்றிய அனுமானங்களை எடுத்துப் பார்த்தார்கள்: பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் எண்ணிக்கை கூட்டியே சொல்லப்பட்டிருந்தது, உண்மையில் வந்தவர்கள் எதிர்பார்த்ததில் பாதிக்கும் குறைவு. செலவைக் குறைத்தும் ஜனங்களைக் கூட்டியும் சொல்லும் இந்த மனோபாவத்துக்கு அறியாமை மட்டும் காரணமல்ல. திட்டம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற ஆசையும் உண்டு என்பது அவருடைய கருத்து. மாலபேத் தடத்தைக் கடிதம் எழுதி நிறுத்தியவர்கள் இந்த எண்களில் ஒன்றையாவது எடுத்துக்காட்டி, நம் அனுமானங்களிலிருந்து இத்தனை கழித்தோம், கழித்தபின் திட்டம் தேறவில்லை என்று சொல்லியிருந்தால், அதை எதிர்த்து வாதாடுவது கடினமாக இருந்திருக்கும்.

ஜனங்கள் ரயிலில் ஏறுவார்களா என்பது ரயிலை மட்டும் பொறுத்ததன்று. கொழும்பில் ஓடும் பஸ்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் தனியாருடையவை. வண்டியின் மாதத் தவணையைக் கட்டவேண்டிய முதலாளிக்கு, முன்னால் போகும் பஸ்ஸை முந்தி அடுத்த தரிப்பில் நிற்கும் ஆட்களை அள்ளிக்கொள்வதில்தான் ஜீவனம். இலகு ரயில் வந்தால் அந்த 177க்காரருடைய கதி என்ன? ரயிலோடு போட்டி போட்டு அதே வீதியில் ஓடுவாரா, குறுக்குச் சந்துகளிலிருந்து ஜனங்களை நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பாரா? முன்னதென்றால் ரயிலில் ஆளிருக்காது. பின்னதென்றால் அவருக்கு யாராவது பணம் கொடுக்க வேண்டும். ஒரு நகரத்தின் பிரயாணத் தொழில் முழுவதையும் திருத்தி அமைக்கும் இந்தப் பிரச்சினையோடு ஒப்பிட்டால் 0.1 வீதமா 7 வீதமா என்ற சர்ச்சை சின்னதுதான். தூண்களும் வண்டிகளும் பொறியியல் நிபுணர்களின் வேலை. பஸ் முதலாளிகளின் சங்கத்தோடு உட்கார்ந்து பேசுவது அரசியல்வாதியின் வேலை. பின்னதைத் தொடாமல் முன்னதை மட்டும் படம் போட்டுக் காட்டினோம்.

கடிதத்துக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செப்டம்பர் மாத இறுதியிலேயே திட்டம் கைவிடப்பட்டது உறுதியாயிற்று. சில மாதங்களில், 2021 பிப்ரவரியில், ஜப்பானும் இந்தியாவும் பங்குகொள்ள இருந்த கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத் திட்டமும் கைவிடப்பட்டது. பணம் கேட்டுக் கதவைத் தட்டவேண்டிய காலம் வந்தபோது டோக்கியோவில் வரவேற்பு எப்படியிருந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டாம். 2023 மே மாதத்தில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க ஜப்பானியப் பிரதமர் கிஷிடாவைச் சந்தித்தபோது, இலகு ரயில் திட்டம் ரத்தானதற்காக வருத்தம் தெரிவித்தார்; இத்தகைய பெருந்திட்டங்களை இனி நிறுத்துவதானால் பாராளுமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவரும் யோசனையையும் சொன்னார். நல்ல யோசனைதான். நிறுத்துவதற்கு மட்டும் ஏன், தொடங்குவதற்கும் அப்படியொரு விதி இருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. மதிப்பீடும் கடன் பத்திரமும் நாணய ஆபத்தும் பஸ்காரரின் பங்கும் ஒரே ஏட்டில் தைக்கப்பட்டுச் சபையின் மேசைக்கு வந்து, உறுப்பினர்கள் அதை வாசித்தபின் கை உயர்த்த வேண்டும். கடன் மறுசீரமைப்புக்கான உடன்பாடு ஏற்பட்டபின், 2024 ஜூலையில் ஜப்பான் நிறுத்தி வைத்திருந்த 11 திட்டங்களுக்குப் பணத்தை மீண்டும் விடுவித்தது. விமான நிலைய விஸ்தரிப்பு அந்தப் பட்டியலில் இருந்தது. மாலபேத் தடம் இல்லை.

அந்தப் பாராளுமன்றச் சபையின் மேசை எங்கே இருக்கிறதென்றால், மாலபே வீதியிலிருந்து பொல்துவச் சந்தியில் திரும்பி, தியவன்னாவின் நீரைக் கடந்து சற்று உள்ளே போனால் இருக்கிறது. சபை கூடும் நாள்களில் அந்தச் சந்தியில் பொலிஸ்காரர் கையை நீட்டி வீதியை மறிப்பார். கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனங்கள் வரிசையாகத் திரும்பி உள்ளே போய்விடும் வரையில், படிக்கட்டில் தொங்குகிறவர்களோடு 177 ஓரமாக நிற்கும்.